ஹோம் சிக்னல்: ரோபோ கை அண்டை இயந்திரங்களுக்குத் தரும் உறுதி

தொழிற்சாலையில் இயங்கும் ரோபோ கை, வேலை எதிலும் ஈடுபடாமல் ஒதுங்கி நிற்பதற்கென்று முன்கூட்டியே குறித்துவைக்கப்பட்ட நிலைக்கு ஹோம் நிலை என்று பெயர். அந்த நிலையில் கை உண்மையிலேயே நிற்கிறது என்பதைச் சுற்றியுள்ள இயந்திரங்களுக்கு அறிவிக்கும் மின்குறிப்பே ஹோம் சிக்னல். ஆம், இல்லை என்ற இரண்டே விடைகளைத் தரக்கூடிய, ஒற்றைக் கம்பியில் அடங்கிவிடக்கூடிய செய்தி இது. ஆயினும் நூற்றுக்கணக்கான டன் விசையுடன் மூடிக்கொள்ளும் வார்ப்பு இயந்திரமும், கை எட்டும் எல்லைக்குள் பாகங்களைக் கொண்டுவரும் கன்வேயரும், சுழன்று திரும்பும் மேசையும் இந்த ஒரு செய்தியை நம்பித்தான் அசையத் தொடங்குகின்றன. செய்தி பொய்யானால் கையும் இயந்திரமும் மோதிக்கொள்ளும். வரவேண்டிய நேரத்தில் வராவிட்டால் உற்பத்தி வரிசை முழுவதும் காத்து நிற்கும். இந்தச் சிக்னலை அமைப்பதிலுள்ள நுட்பங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றியே அமைகின்றன: கை நிற்கும் இடத்தை அந்தந்தக் கணத்தில் அளந்து அது சொல்கிறதா, அல்லது முன்பொரு சமயம் அங்கு வந்துசேர்ந்ததை நினைவிலிருந்து சொல்கிறதா?

ஒன்றையொன்று காணாத இரு இயந்திரங்கள்

ஜார்ஜ் டெவோல் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் 1954-இல் விண்ணப்பித்து 1961-இல் பெற்ற காப்புரிமையின் அடிப்படையில், ஜோசப் எங்கல்பெர்கருடன் இணைந்து உருவாக்கிய யூனிமேட் ரோபோ, அதே 1961-ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலத்திலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் பணியில் அமர்த்தப்பட்டது. ஏறத்தாழ 1,800 கிலோ எடையுள்ள அந்த ஹைட்ராலிக் கைக்குத் தரப்பட்ட வேலை, டை காஸ்டிங் இயந்திரத்திலிருந்து சூடான வார்ப்புகளை வெளியே எடுப்பது. டை காஸ்டிங் என்பது உருக்கிய உலோகத்தை மிகுந்த அழுத்தத்தில் டை எனப்படும் எஃகு அச்சுக்குள் செலுத்தி வார்க்கும் முறையாகும். உலோகம் உள்ளே பாயும்போது டையின் இரு பாதிகளும் பிரிந்துவிடாதபடி இயந்திரம் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும். டை திறந்த பின்பே கை உள்ளே நுழைய வேண்டும். கை முழுவதும் வெளியேறிய பின்பே டை மூட வேண்டும். இரண்டுக்கும் கண் கிடையாது. ஆகையால் டை திறந்திருக்கிறது என்று இயந்திரம் கைக்கும், தான் வெளியே இருப்பதாகக் கை இயந்திரத்துக்கும் தெரிவித்தாக வேண்டிய கட்டாயம், இந்த வேலையின் இயல்பிலேயே அமைந்துள்ளது.

பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் இயந்திரங்களில் இந்தப் பரிமாற்றம் ஐரோப்பிய அளவில் நெறிப்படுத்தப்பட்டிருக்கிறது. வார்ப்பு இயந்திரத்துக்கும் ரோபோவுக்கும் இடையிலான மின் இணைப்பை வரையறுக்கும் யூரோமேப் 67 என்ற விதித்தொகுப்பில், டை மூடும் பகுதி காலியாக இருக்கிறது என்பதற்கென்றே தனிச் சிக்னல் ஒதுக்கப்பட்டுள்ளது. அது இல்லாத வரை டையைத் திறப்பதோ மூடுவதோ கூடாது. கார் உடற்கூட்டை வெல்டிங் செய்யும் பிரிவுகளிலும், பிரஸ் வரிசைகளிலும், பெட்டிகளை அடுக்கும் இடங்களிலும் இதே தேவை வேறு வேறு உருவங்களில் எழுகிறது. அங்கெல்லாம் கையின் சார்பாகப் பேசும் முதன்மையான சிக்னல்களுள் ஒன்று ஹோம் சிக்னலே.

இந்தச் சிக்னல்களையெல்லாம் ஒருங்கே பெற்று, எந்த இயந்திரம் எப்போது அசையலாம் என்று முடிவுசெய்வது பி.எல்.சி. எனப்படும், நிரல் எழுதி இயக்கத்தக்க கட்டுப்பாட்டுக் கணினி. அது சில மில்லிவிநாடிகளுக்கு ஒருமுறை எல்லா உள்ளீடுகளையும் படித்து, நிபந்தனைகளைச் சரிபார்த்து, வெளியீடுகளை மாற்றியமைத்துக்கொண்டே இருக்கும். ஒரு நிபந்தனை நிறைவேறாமல் மற்றோர் இயக்கம் தொடங்காதபடி பூட்டிவைக்கும் இந்த ஏற்பாட்டை இன்டர்லாக் என்பார்கள். பி.எல்.சி.யின் முடிவு, அதற்கு வந்துசேரும் சிக்னல்கள் எவ்வளவு உண்மையோ அவ்வளவுக்குத்தான் சரியாக இருக்கும்.

கை தன் இடத்தை அறியும் விதம்

ஹோம் என்ற பெயரில் தொழிற்சாலைகளில் மூன்று தனித்தனி விஷயங்கள் வழங்குகின்றன. அவற்றைப் பிரித்தறியாவிட்டால் குழப்பமே மிஞ்சும். முதலாவது, மூட்டுகளின் கோணங்களை எண்ணத் தொடங்கும் பூச்சிய நிலை. இது அளவுகோலின் தொடக்கப் புள்ளி மட்டுமே, கை அங்கே போய் நிற்க வேண்டிய அவசியமில்லை. இரண்டாவது, சில இயந்திரங்கள் மின்சாரம் வந்தவுடன் தம் தொடக்கப் புள்ளியைத் தேடிச் செல்லும் செயல். மூன்றாவதுதான் இங்கே பேசப்படுவது: அண்டை இயந்திரங்களுக்கு இடையூறில்லாத இடமாகப் பார்த்து, அந்தந்த உற்பத்தி அமைப்புக்கு ஏற்றபடி பொறியாளர் தேர்ந்தெடுக்கும் ஒதுங்கு நிலை. மூன்றாவதன் நம்பகத்தன்மை முதலாவதைச் சார்ந்தே நிற்கிறது என்பதால், கை தன் கோணங்களை எவ்வாறு அறிகிறது என்பதை முதலில் காண்பது பொருத்தமாகும்.

இன்றைய தொழிலக ரோபோ கைகளில் பெரும்பாலானவை ஆறு மூட்டுகள் கொண்டவை. 1973-இல் ஜெர்மனியின் கூக்கா நிறுவனம் மின்மோட்டார்களால் இயங்கும் ஆறு மூட்டுகளுடன் ஃபாமுலஸ் என்ற கையையும், 1974-இல் ஸ்வீடனின் ஆசியா நிறுவனம் மைக்ரோபிராசஸரால் கட்டுப்படுத்தப்படும் ஐ.ஆர்.பி. 6 என்ற கையையும் கொண்டுவந்தன. இன்றைய கைகளின் பொது அமைப்பு அந்தக் காலத்தில் உருப்பெற்றது. ஒவ்வொரு மூட்டையும் ஒரு சர்வோ மோட்டார் கியர்பெட்டியின் வழியாகத் திருப்புகிறது. மோட்டாரின் தண்டில் பொருத்தப்பட்ட என்கோடர் என்ற உணரி, தண்டு எவ்வளவு சுழன்றிருக்கிறது என்பதை எண்ணாக மாற்றி, கையை இயக்கும் கணினியான கன்ட்ரோலருக்கு அனுப்புகிறது. 17 பிட் என்கோடர் ஒன்று, மோட்டாரின் ஒரு சுற்றை 1,31,072 கூறுகளாகப் பிரித்துக் காட்டும். மோட்டார் 100 சுற்று சுற்றினால் மூட்டு ஒரு சுற்று திரும்பும் என்ற கியர் விகிதத்தைக் கொண்டால், மூட்டின் ஒரு முழுச் சுற்றுக்கு 1 கோடியே 31 லட்சத்துக்கும் அதிகமான கூறுகள் கிடைக்கின்றன. கோணத்தை நுட்பமாக அளப்பதில் ஆகவே குறையில்லை. எங்கிருந்து தொடங்கி அளப்பது என்பதே சிக்கல்.

நகர்வை மட்டும் எண்ணும் பழைய வகை என்கோடர், இருட்டில் படிகளை எண்ணிக்கொண்டு ஏறுபவரைப் போன்றது. எண்ணிக்கை ஒருமுறை விட்டுப்போனால் எந்தத் தளத்தில் நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரியாமல் போகும். ஆகவே அத்தகைய இயந்திரம் மின்சாரம் வரும்போதெல்லாம் மெதுவாக நகர்ந்து, லிமிட் சுவிட்ச் ஒன்றைத் தொட்டுத் தன் தொடக்கத்தை மீண்டும் கண்டறிய வேண்டியிருந்தது. இன்றைய கைகளில் உள்ள தனிநிலை என்கோடர், மோட்டார் தண்டு ஒரு சுற்றுக்குள் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை நகராமலே சொல்லிவிடும். ஆனால் மூட்டின் கோணத்தை அறிய, மோட்டார் எத்தனை முழுச் சுற்றுகள் சுற்றியிருக்கிறது என்பதும் தெரிந்தாக வேண்டும். பெரும்பாலான கைகளில் இந்தச் சுற்று எண்ணிக்கையை, கன்ட்ரோலர் அணைந்திருக்கும்போதும் ஒரு பேட்டரி காத்துவைத்திருக்கிறது. அண்மைக்கால என்கோடர்கள் சிலவற்றில், தண்டு சுழலும்போது சிறப்பு உலோகக் கம்பி ஒன்றின் காந்தநிலை திடீரென்று புரள்வதால் பிறக்கும் சிறு மின்துடிப்பைக் கொண்டே சுற்றுகள் எண்ணப்படுகின்றன; வீகண்ட் விளைவு எனப்படும் இந்த நிகழ்வு பேட்டரியின் தேவையை நீக்குகிறது.

பேட்டரி தீர்ந்தாலோ மோட்டார் மாற்றப்பட்டாலோ பூச்சிய நிலையை மீண்டும் நிறுவ வேண்டும். இதற்கு மாஸ்டரிங் என்று பெயர். மூட்டுகளின் உறையில் பொறிக்கப்பட்ட குறிகளை நேருக்கு நேர் பொருத்தியோ, மூட்டிலுள்ள நுண்ணிய பள்ளத்தை மின்னணுக் கருவியால் தேடிக் கண்டோ இது செய்யப்படுகிறது. இந்த வேலையில் சுற்று எண்ணிக்கை ஒன்றே ஒன்று பிசகினாலும் விளைவு சிறிதன்று. மேற்சொன்ன 100 என்ற கியர் விகிதத்தில் மோட்டாரின் ஒரு சுற்று என்பது மூட்டில் 3.6 பாகை, அடிமூட்டிலிருந்து 2 மீட்டர் நீண்டு நிற்கும் கையின் நுனியில் அது ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர் விலக்கமாகப் பெருகும். அவ்வளவு தள்ளி நின்றபடியே கை தன்னை ஹோம் நிலையில் இருப்பதாகக் கணக்கிடும். சிக்னலும் தயங்காமல் ஆம் என்று சொல்லும்.

நுனியை அளப்பதா, மூட்டுகளை அளப்பதா

கை ஹோம் நிலையில் இருக்கிறதா என்று சோதிக்க இரண்டு வழிகள் தோன்றக்கூடும். கருவியின் நுனி வெளியில் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்று பார்ப்பது ஒன்று. ஆறு மூட்டுகளின் கோணங்களையும் தனித்தனியே ஒப்பிடுவது மற்றொன்று. முதல் வழி எளிதாகத் தோன்றினாலும் அதில் ஒரு பொறி இருக்கிறது. மணிக்கட்டின் மூன்று சுழல்கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்கும் ஆறு மூட்டுக் கைக்கு, நுனி ஒரே புள்ளியில் ஒரே திசையை நோக்கி நிற்கும்படி அமையக்கூடிய உடலமைப்புகள் எட்டு வரை உண்டு: தோள் முன்புறமாகவோ பின்புறமாகவோ திரும்பியிருக்கலாம், முழங்கை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ மடங்கியிருக்கலாம், மணிக்கட்டு ஒருவிதமாகவோ அதற்கு நேரெதிராகவோ புரண்டிருக்கலாம். நுனி சரியான இடத்தில் இருக்கும்போதே முழங்கை அடுத்த இயந்திரத்தின் பாதையில் நீட்டிக்கொண்டிருக்க இது இடம் தருகிறது. மேலும், கடைசி மூட்டு ஒரு முழுச் சுற்று கூடுதலாகத் திரும்பியிருந்தாலும் நுனியின் இடம் மாறுவதில்லை. ஆனால் கையோடு செல்லும் கேபிள்களும் காற்றுக் குழாய்களும் முறுக்கிக்கொண்டிருக்கும். இக்காரணங்களால் ஹோம் நிலை எப்போதும் ஆறு கோணங்களின் தொகுப்பாகவே குறிக்கப்பட வேண்டும்; ஆறும் ஒருசேரப் பொருந்தும்போது மட்டுமே சிக்னல் எழ வேண்டும்.

பொருந்துதல் என்பதற்கும் ஓர் அளவு தேவை. கோணம் கடைசி தசம இலக்கம் வரை ஒத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் சிக்னல் நிலைத்து நிற்காது. மோட்டார்களின் மின்சாரம் நிறுத்தப்பட்டு பிரேக்குகள் பிடிக்கும்போது கையின் எடை மூட்டுகளை மிகச் சிறிதளவு இறக்கிவிடும், அந்தச் சிறு இறக்கமே சிக்னலை அணைத்துவிடப் போதும். எனவே ஒவ்வொரு மூட்டுக்கும் இத்தனை பாகை வரை விலகலாம் என்று ஓர் அனுமதி விலக்கம் கொடுக்கப்படுகிறது. அது எவ்வளவு என்பதைக் கையின் வடிவமே முடிவுசெய்ய வேண்டும். 2 மீட்டர் நீண்டு நிற்கும் கையின் அடிமூட்டில் 1 பாகை என்பது நுனியில் சுமார் 35 மில்லிமீட்டர். அதே 1 பாகை கடைசி மூட்டில், பாகங்களைப் பற்றும் 150 மில்லிமீட்டர் நீட்டமுள்ள கிரிப்பரின் விளிம்பில், 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. எல்லா மூட்டுகளுக்கும் ஒரே எண்ணை இட்டு நிரப்புவது வழக்கமாக நடக்கிறது என்றாலும், அது அடிமூட்டுக்குத் தாராளமாகவும் கடைசி மூட்டுக்குக் கண்டிப்பாகவும் அமைந்துவிடுகிறது. எல்லா மூட்டுகளும் தத்தம் அனுமதியின் எல்லையில், ஒரே பக்கமாக விலகி நின்றால் நுனி எவ்வளவு தள்ளிப்போகும் என்று கணக்கிட்டு, அந்த நிலையிலும் அண்டை இயந்திரத்துக்கும் கைக்கும் இடையே போதிய இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பதே சரியான முறை. பிரேக் இறக்கத்தைவிடப் பெரியதாகவும் மோதல் தொலைவைவிட மிகச் சிறியதாகவும் அமைந்த விலக்கமே நல்ல விலக்கம்.

மூன்று நிறுவனங்கள், ஒரே கருத்து

கைகளைத் தயாரிக்கும் நிறுவனங்கள் இந்த ஏற்பாட்டை வெவ்வேறு பெயர்களில் வழங்குகின்றன. ஜப்பானின் ஃபனுக் கன்ட்ரோலரில் அமைப்புப் பட்டியலுக்குள் ரெஃபரன்ஸ் பொசிஷன் என்ற திரை இருக்கிறது. கையில் பிடித்து இயக்கும் பலகையான டீச் பெண்டன்ட் மூலம் கையை வேண்டிய நிலைக்குக் கொண்டுசென்று பதிவுசெய்தால் ஆறு கோணங்களும் அங்கே நிரம்புகின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே அனுமதி விலக்கத்தை எழுதி, எந்த வெளியீடு எழ வேண்டும் என்று குறிப்பிட்டு, அந்த நிலையைச் செயற்படுத்த வேண்டும். இத்தகைய நிலைகளைப் பத்து வரை வைத்துக்கொள்ளலாம் எனினும், அட் பெர்ச் என்று பெயரிடப்பட்ட, பி.எல்.சி.க்குச் செல்லும் ஏழாவது அமைப்பு வெளியீடு முதலாவது நிலைக்கு மட்டுமே உரியது. மற்றவற்றுக்குப் பொது வெளியீடுகளை ஒதுக்க வேண்டும். ஹோம் நிலையை இரண்டாவது இடத்தில் பதிவுசெய்துவிட்டு அட் பெர்ச் சிக்னலுக்காகக் காத்திருந்தால் அது வரவே வராது.

கூக்கா கைகளில் ஹோம் நிலைக்கென்று ஒரு முதன்மை மாறியும், கூடுதலாக ஐந்து நிலைகளுக்கான இடமும் கன்ட்ரோலரின் அமைப்பிலேயே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உரிய சிக்னலை ஒரு வெளியீட்டு எண்ணோடு இணைத்துவிட்டால் போதும். நிரல் பயணிக்க வேண்டிய பாதையில்தான் கை நிற்கிறதா என்று சொல்லும் தனிச் சிக்னலும் அங்கே உண்டு. ஹோமுக்கு வெளியே நின்றுபோன கையைப் பற்றிய முக்கியமான தகவல் அது. ஏ.பி.பி. நிறுவனத்தின் கைகளில் இதே வசதி வேர்ல்டு ஸோன்ஸ் என்ற கூடுதல் மென்பொருளாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு மூட்டுக்கும் நடுக்கோணத்தையும் அதன் இருபுறமும் அனுமதிக்கப்படும் விலக்கத்தையும் கொண்டு ஒரு மண்டலத்தை வரையறுத்து, கை அதற்குள் இருக்கும்போது குறிப்பிட்ட வெளியீடு எழுமாறு அறிவிக்க வேண்டும். கன்ட்ரோலர் விழித்தெழும் ஒவ்வொரு முறையும் தானாக ஓடும் தொடக்க நிரலில் இந்த அறிவிப்பை வைப்பது வழக்கம். அந்த வெளியீட்டைப் பயனர் நிரல் எதுவும் எழுதி மாற்ற முடியாதபடி, படிக்க மட்டுமேயான சிக்னலாக அமைக்க வேண்டும் என்பது இதிலுள்ள கவனிக்கத்தக்க விதி.

இந்த விதியின் பின்னுள்ள காரணமே ஹோம் சிக்னலின் அடிப்படைத் தத்துவமாகும். அனுபவம் குறைந்தவர்களுக்கு முதலில் தோன்றும் வழி, கையை ஹோமுக்குக் கொண்டுசெல்லும் நிரலின் கடைசி வரியில் ஒரு வெளியீட்டை ஏற்றிவிட்டு, அடுத்த வேலையின் முதல் வரியில் அதை இறக்குவது. நிரல் மட்டுமே கையை நகர்த்தும் வரை இது சரியாக வேலை செய்வதாகத் தோன்றும். ஆனால் பராமரிப்புப் பணியாளர் டீச் பெண்டன்டைக் கொண்டு கையை நகர்த்தும்போது இறக்கும் வரி ஓடுவதில்லை; கை டைக்குள் நீண்டிருக்கும்போதும் சிக்னல் ஏறியே இருக்கும். நிரலை நடுவில் நிறுத்திவிட்டு வேறொரு நிரலைத் தொடங்கினாலும் இதுவே கதி. அந்தச் சிக்னல் சொல்வது, கை எப்போதோ ஹோமுக்கு வந்தது என்ற பழைய செய்தியை மட்டுமே. மேற்கூறிய மூன்று ஏற்பாடுகளும் இதிலிருந்து வேறுபடுவது இங்கேதான்: எந்த நிரல் ஓடினாலும், எதுவும் ஓடாவிட்டாலும், பணியாளர் கைமுறையாக நகர்த்தினாலும், கன்ட்ரோலர் என்கோடர் அளவுகளைப் பின்னணியில் ஓயாமல் ஒப்பிட்டுச் சிக்னலை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும்.

கம்பியிலும் பி.எல்.சி.யிலும் கவனிக்க வேண்டியவை

சரியாக அளந்து சொன்ன செய்தியும் வழியில் கெட்டுப்போகலாம். ஹோமில் இருக்கும்போது 24 வோல்ட், இல்லாதபோது பூச்சியம் என்று அமைத்தால், கம்பி அறுந்தாலும் இணைப்பு தளர்ந்தாலும் மின்வழங்கி நின்றாலும் பி.எல்.சி.க்குக் கிடைப்பது இல்லை என்ற விடையே. உற்பத்தி நிற்கும், ஆனால் மோதல் நேராது. இதை மாற்றி, ஹோமுக்கு வெளியே இருக்கும்போது மின்னழுத்தம் வருமாறு அமைத்தால், அறுந்த கம்பி ஒவ்வொன்றும் டையை மூடலாம் என்ற அனுமதியாக மாறிவிடும். தனிக் கம்பிகளுக்குப் பதிலாகப் புரோஃபிநெட், ஈதர்நெட் ஐ.பி. போன்ற வலையமைப்புகள் வழியே சிக்னல்கள் செல்லும் இன்றைய அமைப்புகளில், தொடர்பு துண்டிக்கப்பட்டால் கடைசியாக வந்த மதிப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளாமல் பூச்சியமாக எடுத்துக்கொள்ளும்படி பி.எல்.சி.யை அமைப்பது இதே காரணத்தால் அவசியமாகிறது.

இரண்டாவது கவனம், கடந்துபோகும் கையைப் பற்றியது. கோணங்கள் பொருந்தும் கணமெல்லாம் சிக்னல் எழும் என்பதால், ஒரு வேலையிலிருந்து மற்றொரு வேலைக்குச் செல்லும் வழியில் ஹோம் நிலையை நிற்காமல் கடக்கும் கையும் ஓரிரு கணங்கள் ஆம் என்று சொல்லும். அந்தக் கணத்தில் பி.எல்.சி. டையை மூடத் தொடங்கினால், கை மீண்டும் உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். ஆகவே ஹோம் சிக்னலை மட்டும் நம்பாமல், நிரல் ஓடிக்கொண்டிருக்கவில்லை அல்லது சுழற்சி நிறைவுற்றது என்ற மற்றொரு சிக்னலோடு சேர்த்தே அனுமதி வழங்குவது முறை. டை மூடத் தொடங்கிவிட்டது என்ற செய்தி கைக்கும் போய்ச் சேர்ந்து, அது ஹோமிலிருந்து புறப்படாதபடி தடுக்கவும் வேண்டும். அனுமதி இருபக்கமும் கேட்டுப் பெறப்படுவது.

மூன்றாவது, மாறாமல் நிற்கும் சிக்னலைச் சந்தேகிப்பது. வேலையைத் தொடங்கு என்று கட்டளையிட்ட சில விநாடிகளுக்குள் ஹோம் சிக்னல் இறங்கியாக வேண்டும். இறங்கவில்லையென்றால் கை நகரவில்லை, அல்லது சிக்னல் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. பி.எல்.சி. நிரலில் இந்தச் சோதனைக்கு ஒரு நேரக்கணக்கியும் இரண்டொரு வரிகளும் போதும். பழுதான வெளியீட்டை முதல் சுழற்சியிலேயே அது காட்டிக்கொடுத்துவிடும்.

சிக்னல் சொல்லாதவை

ஹோம் சிக்னல் மனித உயிரைக் காக்கும் பாதுகாப்புச் சிக்னல் அன்று என்பதை வலியுறுத்த வேண்டியிருக்கிறது. சாதாரண வெளியீடு ஒற்றை வழியில் கணக்கிடப்பட்டு ஒற்றைக் கம்பியில் வருவது. அதன் வழியில் ஓர் உறுப்பு பழுதானால் தவறான விடை வரலாம், அதைக் கண்டுபிடிக்க வேறொன்றும் உடனிருக்காது. தொழிலக ரோபோக்களின் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 10218, 2011-ஆம் ஆண்டுப் பதிப்பில், பாதுகாப்புக்குப் பொறுப்பான பகுதிகள் பொதுவாக பி.எல். டி என்ற செயல்திறன் மட்டத்தையும் இரட்டை வழி அமைப்பையும் எட்ட வேண்டும் என்று விதித்தது. அபாயகரமான பழுது நேரும் வாய்ப்பு ஒரு மணி நேரத்துக்குப் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது அந்த மட்டத்தின் பொருள். இத்தரநிலை 2025-இல் திருத்தப்பட்டு மீண்டும் வெளியாகியிருக்கிறது. வேலிக்குள் ஆள் நுழைவதற்கான கதவைக் கையின் இருப்பிடத்தைக் கொண்டு திறக்க வேண்டுமானால், ஃபனுக்கின் டி.சி.எஸ்., ஏ.பி.பி.யின் சேஃப்மூவ், கூக்காவின் சேஃப்ஆபரேஷன் போன்ற பாதுகாப்பு மென்பொருள்களை நாட வேண்டும். இவை இருப்பிடத்தை ஒன்றையொன்று சரிபார்க்கும் இரட்டை வழிகளில் கண்காணித்து, முரண்பட்டால் கையை நிறுத்திவிடுகின்றன.

இரட்டைக் கணக்கீடும் தவறான மாஸ்டரிங்கைத் திருத்திவிடாது. இரு வழிகளும் ஒரே தவறான பூச்சியத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். இதற்காகவே பாதுகாப்பு அமைப்புகள் சிலவற்றில், தரையோடு இணைந்த சட்டத்தில் ஒரு சுவிட்ச் பொருத்தப்பட்டு, கை அவ்வப்போது அங்கே சென்று அதை இயக்கிக் காட்ட வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. என்கோடர் சொல்லும் கணக்குக்கும் கையின் உண்மையான இருப்பிடத்துக்கும் இடையே, கணக்கில் சேராத வெளிச்சாட்சி ஒன்றை அது நிறுத்துகிறது. சாதாரண ஹோம் சிக்னலுக்கும் இதைச் சிறு செலவில் செய்யலாம்: ஹோம் நிலையில் கையின் ஒரு பகுதி வந்து நிற்கும் இடத்தில் அருகில் பொருள் இருப்பதை உணரும் பிராக்சிமிட்டி சென்சார் ஒன்றைப் பொருத்தி, இரண்டு விடைகளும் ஒத்துப்போகின்றனவா என்று பி.எல்.சி. சரிபார்க்கலாம். சுற்று எண்ணிக்கை பிசகி 12.5 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் கையை இந்தச் சென்சார் காணாது. முரண்பாடு உடனே வெளிப்படும்.

கிரிப்பரில் என்ன இருக்கிறது என்பதும் ஹோம் சிக்னலுக்குத் தெரியாது. வெறுங்கையோடு ஒதுங்கி நிற்கும்போது போதுமானதாக இருக்கும் இடைவெளி, நீளமான வார்ப்பு ஒன்றைப் பற்றிக்கொண்டு நிற்கும்போது இல்லாமல் போகலாம். கருவி மாற்றப்படும்போதும் புதிய பாகம் உற்பத்திக்கு வரும்போதும் ஹோம் நிலை மறுபடி ஆராயப்பட வேண்டியதற்குக் காரணம் இது.

வழியில் நின்ற கை

ஹோமில் இருக்கிறது என்ற விடையைவிட, இல்லை என்ற விடை எழுப்பும் பிரச்சினை கடினமானது. மின்தடையோ பழுதோ ஏற்பட்டு, கை டைக்குள் நீண்ட நிலையில் நின்றுவிட்டதாகக் கொள்வோம். மூட்டுகளை நேராக ஹோம் கோணங்களுக்குத் திருப்பும் ஒரே கட்டளையால் கையை வெளியே கொண்டுவர முயன்றால், அது டையின் தூண்களில் இடித்தபடி வெளியேறும். மூட்டுகள் ஒருசேரத் திரும்பும்போது நுனி வளைகோட்டில் பயணிக்குமேயன்றி நுழைந்த பாதையில் திரும்பாது. ஆகவே நிரல் ஒவ்வொரு கட்டத்தைக் கடக்கும்போதும் அந்தக் கட்டத்தின் எண்ணை நினைவகத்தில் குறித்துவைத்து, மீளும்போது அந்த எண்ணைப் பார்த்து, உரிய பாதையைத் தேர்ந்து, மெதுவான வேகத்தில் திரும்புமாறு தனி மீட்பு நிரல் எழுதப்படுகிறது. இங்கேயும் நினைவு அளவீட்டால் சரிபார்க்கப்பட வேண்டும்: குறித்துவைத்த கட்டத்துக்கு உரிய இடத்தில்தான் கை இப்போது நிற்கிறதா என்று கோணங்களைப் பார்த்த பின்பே மீட்பு தொடங்கலாம், ஏனெனில் இடையில் எவரேனும் கையை நகர்த்தியிருக்கக்கூடும். இடம் பொருந்தவில்லையென்றால் தானியங்கி மீட்பைக் கைவிட்டு, விநாடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மிகாத வேகத்தில், டீச் பெண்டன்டைப் பிடித்த பணியாளரின் கண்முன்னே கை வெளியே கொண்டுவரப்பட வேண்டும்.

சோதனை

அமைத்து முடித்த ஹோம் சிக்னலைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் கையை ஹோமுக்கு அனுப்பி, சிக்னல் எழுகிறதா என்று பார்த்து நிறைவடைந்துவிடுகிறார்கள். நிரலின் கடைசி வரியில் ஏற்றப்படும் போலிச் சிக்னலும் இந்தச் சோதனையில் தேறிவிடும். உண்மையான சோதனை எதிர்த்திசையில் நடக்க வேண்டும்: கையை ஹோமில் நிறுத்தி, ஆறு மூட்டுகளையும் ஒவ்வொன்றாக இரு திசைகளிலும் கைமுறையாக நகர்த்தி, அனுமதி விலக்கத்தைத் தாண்டும் இடத்தில் சிக்னல் இறங்குகிறதா என்று பன்னிரண்டு முறை பார்க்க வேண்டும். ஒரு மூட்டின் கோணம் பதிவில் விடுபட்டிருந்தாலோ, விலக்கத்தில் தசமப் புள்ளி இடம் மாறியிருந்தாலோ இங்கே தெரிந்துவிடும். பின்னர் கம்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மோட்டார் மின்சாரத்தை நிறுத்தி, பிரேக் பிடித்த பின்னும் சிக்னல் நிலைக்கிறதா என்று கவனிக்க வேண்டும். கன்ட்ரோலரை அணைத்து மீண்டும் இயக்கி, நிரல் எதையும் ஓடவிடாமலே சரியான விடை வருகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். மாஸ்டரிங் செய்யப்பட்ட ஒவ்வொரு முறையும் இவை திரும்ப நடத்தப்பட வேண்டியவை.

ஒரு ரோபோ கை தன் ஆயுளில் பலமுறை மோட்டார் மாற்றப்பட்டு, கருவி மாற்றப்பட்டு, இடம்கூட மாற்றப்படும். அதன் நிரல்களைப் பலர் திருத்துவார்கள். அத்தனை மாற்றங்களுக்கிடையிலும் அண்டை இயந்திரங்கள் கேட்கும் கேள்வி ஒன்றாகவே இருக்கிறது. அதற்கான ஆம் என்ற விடையை எந்தச் சிக்னலும் எளிதில் தந்துவிடும். தரவேண்டிய கணத்தில் இல்லை என்று சொல்லத் தெரிந்த சிக்னலை நம்பியே டையை மூடலாம்.